அப்பாவின் சட்டையை ஆற்றில் விடச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

அம்பை மகள் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். 68 வயது. அம்பாசமுத்திரத்தில் டெய்லர். ஒரு மிஷின், ஒரு கட்டிங் டேபிள், சுவரில் காலண்டர், அவ்வளவுதான் கடை. செவ்வாய்க்கிழமை லீவு. அன்றைக்கு அப்பாவை வீட்டில் பார்க்கவே முடியாது. விடிவதற்கு முன்பே தூண்டிலும் பைனாகுலருமாக ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். தூண்டில் நரம்பைக் காலி நூல்கண்டுக் கட்டையில்தான் சுற்றி வைத்திருப்பார். பைனாகுலர் யாரோ விற்ற பழசு. அதன் வார் பேண்ட் இடுப்புக்கு வைக்கிற கேன்வாஸ் துணி. உறை வெளிர்நீலச் சட்டைத் துணி, அதில் ஒரு பாக்கெட்கூட அப்படியே இருக்கிறது. ஏன் அந்தத் துணி என்று நான் கேட்டதே இல்லை.

2019-இல்தான் கேரளா பக்கமிருந்து அகத்தியர் மலை ஏறப் பெண்களையும் விட ஆரம்பித்தார்கள். மறுவருடம் ஜனவரியில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர்தான் என்னைக் கூட்டிப்போனார். போனக்காட்டில் நடையைத் தொடங்கி, அதிருமலையில் தங்கி, மறுநாள் உச்சி. கடைசிப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். மற்றவர்கள் சட்டென்று பிடித்து ஏறுகிறார்கள். அப்பா மட்டும் முதலில் கயிற்றின் முறுக்கை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார், கடையில் துணி பார்க்கிற மாதிரி. மேலே ஒரே மூட்டம். கிழக்கே நம்ம காரையாறு அணைத் தண்ணீர் தெரியுமா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தெரியவில்லை. "சரி, அங்கன இருந்து பாத்தா இது தெரியும்லா, அது போதும்" என்று இறங்கிவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் தை அமாவாசைக்குப் பாபநாசத்தில் தர்ப்பணம். அப்பா உடுத்திய துணியில் ஒரு செட்டாவது ஆற்றில் விட வேண்டும் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். விடாவிட்டால் ஆத்மா துணியைத் தேடி வீட்டுக்கே வருமாம். (வந்தால் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.) தம்பி சரியென்றுவிட்டான்.

ஆனால் அப்பா பாபநாசத்தில் குளிக்கப் போனால் முதலில் துணிதான் பொறுக்குவார். படித்துறையில் கால் வைத்தால் சேலை சுற்றும், வேட்டி சுற்றும். அதையெல்லாம் இழுத்துக் கரையில் குவித்துவிட்டுத்தான் முங்குவார். "ஒரு பட்டனக்கூட பிச்சு எடுக்காம போட்டுட்டுப் போறாம் பாரு" என்று திட்டுவார். அந்த மனுஷன் சட்டையை அதே தண்ணீரில் எப்படிப் போடுவது?

பெரியப்பா மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? அவருக்கு 74 வயது, தம்பியைப் பறிகொடுத்தவர். போடவில்லை என்றால், பீரோவில் இருக்கிற 14 சட்டைகளை என்ன செய்வது? இன்னொன்றும் உண்டு. கடையின் அளவு நோட்டுகள் 31 இருக்கின்றன. இடது பக்கம் சோல்டர், கை, நீளம். வலது பக்கம் அப்பா பார்த்த பறவைகள், தேதி போட்டு. பழையது 1989. ஓரமெல்லாம் பூச்சி அரிக்க ஆரம்பித்துவிட்டது.

காவிரிக்கரை

முதலில் என் அனுதாபங்கள் அம்மா.

கும்பகோணத்தில் என் தகப்பனார் நாற்பது வருடம் வைதீகம் பண்ணியவர். தர்ப்பணத்துக்கு எள்ளும் தண்ணீரும் தர்ப்பையும் போதும். போனவர் துணியை ஆற்றில் விடு என்று அவர் ஒருவருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. வஸ்திர தானம் உண்டு, ஆனால் அது ஆளுக்குக் கொடுப்பது.

ஒரு யோசனை. இதை நீங்கள் பெரியப்பாவிடம் வாதாடாதீர்கள். அன்றைக்கு மந்திரம் சொல்ல வருகிறவரிடம் முன்கூட்டியே போனில் பேசி, அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். மகள் சொன்னால் ஏறாதது, தட்சிணை வாங்குகிறவர் சொன்னால் ஏறும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

சும்மா இரு

நான் மட்டும் மாற்றிச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். 74 வயதுப் பெரியவர் ஒரே ஒரு சட்டை கேட்கிறார். அதனால் தாமிரபரணி நாறிவிடப் போவதில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஊர்ச் சாக்கடை கலப்பதை விட்டுவிட்டு அப்பாவைப் பறிகொடுத்த வீட்டில் சுற்றுச்சூழல் சண்டை தேவையா? அவர் திருப்திக்கு ஒன்றை விட்டுவிட்டு, மீதி 13-ஐ யாருக்காவது கொடுங்கள்.

நத்தைகுத்தி

துணி விஷயம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்த நோட்டு என்றதும் தூக்கம் போய்விட்டது.

தயவுசெய்து லாமினேட் பண்ணாதீர்கள், கிழிந்த இடத்தில் டேப் ஒட்டாதீர்கள். பூச்சி ராமபாணமாக இருக்கும். நோட்டுகளை நிழலில் காற்றாட விரித்து, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துவிடுங்கள். அளவு இருக்கிற இடது பக்கத்தையும் சேர்த்துத்தான். சில சமயம் தேதி அங்கேதான் மாட்டும்.

பிறகு ஈபேர்டில் ஏற்றலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் 2002-இல் இருந்து நடத்துகிற தளம், பணம் கிடையாது. பழைய குறிப்புகளையும் வாங்கிக்கொள்வார்கள். உங்கள் கணக்கில் போடாமல் அப்பா பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள், பார்த்தவர் அவர்தானே. எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம் நடந்தார் என்று தெரியாதபோது 'ஹிஸ்டாரிகல்' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பார்த்த எல்லாப் பறவையும் பட்டியலில் உண்டா என்று கேட்கும். சந்தேகம் இருந்தால் 'இல்லை' என்றே கொடுங்கள். எண்ணிக்கை எழுதாத இடத்தில் எக்ஸ் போட்டால் போதும், நீங்களாக ஒரு எண்ணை இட்டு நிரப்பாதீர்கள்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு முறையாகத் தொடங்கியதே 2011-இல்தான். மணிமுத்தாறில் இருக்கும் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் மையத்துக்காரர்கள் ஜனவரிதோறும் தன்னார்வலர்களை வைத்து எடுக்கிறார்கள். அதற்கு 22 வருடம் முன்பிருந்தே ஒரே ஆள், ஒரே ஆற்றங்கரை, வாரம் தவறாமல் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஒரு பக்கம் மட்டுமாவது இங்கே தட்டச்சு செய்து போடுங்களேன்.

கல்லிடை தாத்தா

பேரன் இத வாசிச்சுக் காட்டுனான். நான் சொல்லச் சொல்ல அவன்தான் அடிக்கான். தப்பு இருந்தா அவன் தப்பு.

தாயி, நீ எங்க டெய்லர் மகதான். செவ்வாக்கிழம லீவு, நூல்கண்டுக் கட்டை, அளவு நோட்டுல பறவைன்னு எழுதின பொறவு வேற யாரா இருக்க முடியும். துட்டிக்கு வந்திருந்தேன். நீ மயங்கிக் கெடந்த, பேச முடியல.

உங்கப்பனும் நானும் முப்பத்தஞ்சு வருசம் செவ்வாக்கிழம தவறாம ஆத்துல கெடந்தவங்க. கன்னடியன் அணைக்கட்டுக்குக் கீழ மருத மரத்தடில எங்க எடம். எனக்கு மீனுதான் கணக்கு. கெளுத்தி கெடைச்சா சந்தோசம், விரால் கெடைச்சா அன்னைக்குத் தீவாளி. அவன் தூண்டியப் போட்டுட்டு அண்ணாந்துருவான். தக்கை முங்கும், நான்தான் "ஏல இழு இழு"ன்னு கத்தணும். மயிலிறகுத் தண்டுல அவனே செஞ்ச தக்கை அது. முங்குனா அழகா முங்கும். பாக்க ஆள் வேணும்லா.

ஒருக்கா கூந்தன்குளத்துக்கு டிவிஎஸ் 50-ல கூட்டிட்டுப் போனான். சரணாலயம்னு 1994-ல அறிவிச்சதுக்கு அடுத்த தைன்னு நெனைக்கேன். பின்னால உக்காந்து எனக்கு நடு முதுகு போச்சு. அங்க வீட்டுக் கொல்லைல நிக்கிற மரத்துலகூட நாரை கூடு கட்டியிருக்கு. சனங்க அதும்பாட்டுக்கு அடில பாத்திரம் வெளக்குதாங்க. எச்சம் விழுந்த கொளத்து வண்டலை வயலுக்கு அள்ளுதாங்க. தீவாளிக்கு வெடிகூடப் போட மாட்டாங்களாம். உங்கப்பன் ஒரு வாத்தக் காட்டுனான். வெள்ளத் தலை, பின்னால ரெண்டு கறுப்புக் கோடு. இமயமலையத் தாண்டி வருதுன்னான். பட்டைத்தலை வாத்துன்னு பேரு. "பாத்தியா, எவனோ அளவெடுத்து பைப்பிங் வச்ச மாதிரி எவ்ளோ நேரா இருக்கு"ன்னான். எனக்கு மறக்கல.

இப்ப சட்டை விசயம். அந்த நீலத் துணி பத்தி எழுதியிருக்கியே, அத நீ கேக்கலன்னா நானா சொல்ல மாட்டேன்.

பதினஞ்சு வருசம் இருக்கும். காலம்பற ஆறரை மணி. உங்கப்பன் தூண்டி கனத்துச்சு. விரால்தான்னு நான் துண்டத் தூக்கிட்டு எறங்குதேன். அவன் மெல்ல மெல்ல இழுக்கான். நரம்பு விண்ணுன்னு நிக்கி, ஆனா துடிப்பு இல்ல. மேல வந்தது சட்டை. அரைக் கை, வெளிர் நீலம். பாபநாசத்துல போட்டது மெதந்து வந்திருக்கு. நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல. தண்ணியப் பிழிஞ்சான், கல்லுல விரிச்சான், கீழ ஓரத்தப் பாத்தான். கடைசி பட்டன் செவப்பு நூல்ல தச்சிருக்கு.

அது உனக்குத் தெரியுமோ என்னவோ. உங்கப்பன் தச்ச எந்தச் சட்டைலயும் கடைசி பட்டன் மட்டும் செவப்பு நூல்தான். என்ன கலர் துணியா இருந்தாலும் சரி. வேட்டிக்குள்ள போயிரும், யாருக்கும் தெரியாது. அது அவன் கையெழுத்து.

பட்டனப் பிடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னான். பொறவு ஆள் பேரச் சொன்னான். "மூணு மாசம் முந்தி தச்சது. கூலி குடுக்கும்போது கை நடுங்குச்சு"ன்னான். அந்த ஆளு தவறுனதே எங்களுக்குத் தெரியாது. ஆறு வந்து சொல்லுது.

அன்னைக்கு மீன் பிடிக்கல. சாயங்காலம் ரெண்டு பேரும் அந்த வீட்டுக்குத் துட்டி கேக்கப் போனோம். சட்டை கெடைச்சத அவங்ககிட்ட சொல்லல. அவங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டிருக்காங்க, அத எதுக்குக் கெடுக்க. உங்கப்பன் அதத் தொவச்சு, தேச்சு, ஒரு மாசம் கடைல தொங்க விட்டிருந்தான். பொறவு வெட்டி பைனாகுலருக்கு உறை தச்சுட்டான். கடைசி பட்டன் அதுல இருக்கா பாரு. இருக்கணும்.

2023 டிசம்பர் வெள்ளம் வடிஞ்ச பொறவு போய்ப் பாத்தோம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுச்சே, அந்த வெள்ளம். எங்க மருத மரத்துல ரெண்டாள் ஒசரத்துல சேலையும் வேட்டியுமாத் தொங்குது. அவனுக்கு அப்பமே மூச்சு வாங்கும். ஆனாலும் தொரட்டி கொண்டா தொரட்டி கொண்டான்னு நின்னு, எட்டுன மட்டும் இழுத்துட்டுத்தான் வந்தான். ஒவ்வொண்ணையும் ஓரத்தத் திருப்பிப் பாத்தான். எதுக்குன்னு நான் கேக்கல.

ஒரு சட்டைதானன்னு எழுதியிருக்க தம்பிக்கு நான் ஒண்ணும் சொல்ல வரல. கீழ நின்னு தூண்டி போட்டுப் பாத்தாத் தெரியும்.

தாயி, இத உங்க பெரியப்பாவுக்கு வாசிச்சுக் காட்டு. அவருக்கு என்னைய நல்லாத் தெரியும்.

சும்மா இரு

தாத்தா, நான் எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் பதில் இல்லை என்னிடம்.

அம்பை மகள்

தாமதத்துக்கு மன்னியுங்கள். தை அமாவாசை முடிந்து இரண்டு நாள் ஆகிறது.

தாத்தா, உறையைத் திருப்பிப் பார்த்தேன். மூடுகிற இடத்தில் ஒரே ஒரு பட்டன், செவப்பு நூல். பீரோவில் இருந்த 14 சட்டையையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறது. நான் கல்லூரிக்குப் போட்டுப்போன ஒரு சுடிதார் டாப்ஸ் அம்மா எடுத்து வைத்திருந்தாள். அதில் பட்டன் கிடையாது, பின் கழுத்தில் ஒரு ஹூக். அதுவும் செவப்பு நூல். நாலு வருடம் போட்டிருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை.

பெரியப்பாவுக்கு நீங்கள் எழுதியதை வாசித்தேன். முதலில் "யாரு, கல்லிடைக்காரனா? அவன் வாயில வாரதெல்லாம் பொய்யில்லா" என்றார். பிறகு நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. காவிரிக்கரை ஐயா சொன்னபடி மந்திரம் சொல்கிறவரிடமும் பேசினேன். அவர், "எனக்கு எள்ளும் தண்ணியும் போதும்மா, துணி உங்க குடும்ப விசயம்" என்று நழுவிவிட்டார். (ஐயா, எல்லா ஊரிலும் தட்சிணை வேலை செய்வதில்லை.)

அமாவாசை அன்று பாபநாசத்தில் சரியான கூட்டம். தம்பி தர்ப்பணம் கொடுத்து முடித்ததும் பெரியப்பா என் கையிலிருந்த பையை வாங்கினார். அப்பாவின் கட்டம் போட்ட சட்டையை எடுத்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் தன் சட்டையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். அப்பா ஒல்லி, பெரியப்பாவுக்கு மேல் இரண்டு பட்டன் மட்டும்தான் எட்டியது. வயிறு முழுக்க வெளியே. அப்படியே இறங்கி மூன்று முங்கு முங்கினார். ஏறி வரும்போது காலில் யாருடையதோ வேட்டி சுற்றியிருந்தது. அதை உதறிக் கரையில் போட்டார்.

"நனையணும், அவ்ளோதான. நனைஞ்சிட்டு" என்றார். ஈரச் சட்டையோடேயே பஸ்ஸில் வந்தார், கழற்றவில்லை. தம்பி அவரை என்னவோ கேட்க வாயெடுத்தான். நான் கண்ணைக் காட்டினேன்.

அந்தச் சட்டை இப்போது அவர் வீட்டுக் கொடியில் இருக்கிறது. மீதியில் நான்கைத் தம்பி எடுத்துக்கொண்டான். ஒன்று எனக்கு. மற்றதைக் கடைக்கு அடுத்த வாட்ச் ரிப்பேர் அண்ணாச்சியும், காஜா எடுக்கிற அக்கா வீட்டுக்காரரும் கேட்டு வாங்கிப் போனார்கள். தாத்தா, உங்களுக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பழுப்பு, முழுக்கை.

நத்தைகுத்தி, நோட்டுகளைப் படமெடுக்கிறேன், பதினொன்று முடிந்தது. நீங்கள் கேட்ட ஒரு பக்கம் இதோ. 1996 டிசம்பர், இடப்பக்கம் யாருக்கோ பேண்ட்: இடுப்பு 34, நீளம் 40, பாட்டம் 17. வலப்பக்கம்: "கன்னடியன் கீழ். நீர்க்காகம் 12. பாம்புத்தாரா 3. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி 2, அந்தரத்தில் நின்று பாய்ந்தது, மீன் இல்லை. ஆற்று ஆலா 5. மரத்தில் பழந்தின்னி வௌவால், எண்ண முடியாது. நீர்நாய் ஒரு குடும்பம், குட்டி 2, பாலத்தைப் பார்த்துப் போயின. ப.பா. 40."

இந்த 'ப.பா.' மட்டும் புரியவில்லை. நிறைய பக்கங்களில் கடைசி வரியாக வருகிறது. அதிசயம் என்னவென்றால் எப்போதும் 40-தான். 1996-லும் 40, 2003-லும் 40. வெயில் காலம், மழைக் காலம் வித்தியாசமே இல்லை. ஈபேர்டில் என்ன பெயரில் போடட்டும்?

நத்தைகுத்தி

அந்த மீன்கொத்தி வரியை நாலு தடவை வாசித்துவிட்டேன். 'மீன் இல்லை' என்று யார் எழுதுவார்கள்!

ப.பா. பற்றி மண்டையை உடைத்துக்கொண்டேன். பச்சைப் பஞ்சுருட்டான் என்றால் ப.ப. வர வேண்டும், அவசரத்தில் ஒரு கால் கூடியிருக்கலாம். சாயங்காலம் கூட்டமாக ஒரே மரத்தில் அடையும் பறவைதான். ஆனால் ஏழு வருடமாக ஒன்று கூடாமல் குறையாமல் 40 என்பது நம்ப முடியாத கணக்கு. ஒருவேளை பவளக்கால் உள்ளானை அவர் வேறு ஏதாவது பெயரில் சொல்வாரோ? இப்போதைக்கு அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை ஏற்றுங்கள். நான் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கல்லிடை தாத்தா

யாரையும் கேக்க வேண்டாம். அது பறவை இல்ல தாயி. பழைய பாக்கி. ரெண்டு டவுசர் தச்ச கூலி நாப்பது ரூவா, நான் குடுக்கல. ஆத்துக்குப் போயிட்டு வந்து என்னப் பாத்த ஞாபகத்துல எழுதியிருப்பான். ஒரு நாளாவது வாயத் தொறந்து கேட்டானா பாரு.

செவ்வாக்கிழம காலம்பற வாரேன். சட்டைய எடுத்து வையி, அந்த நோட்டையும் எடுத்து வையி, அடிச்சிருவோம்.